பழக் கேக்கும் கரும்புத் தோட்டமும்

மார்கழித் திங்கள் பிறந்துவிட்டால் நம் குடியிருப்புகளில் இருவகை நறுமணம் எழுவதுண்டு. ஒன்று, விடியற்காலையில் நம் வீடுகளிலிருந்து எழும் வெண்பொங்கலின் மணம். மற்றொன்று, அடுத்த வீட்டு அடுப்பிலிருந்து வரும் பழக் கேக்கின் மணம். ரம்மில் ஊறிய திராட்சையும், கருக்கிய சர்க்கரையும், பொடித்த சாதிக்காயும் சேர்ந்து வேகும்போது அம்மணம் தெரு முழுவதும் பரவும். வங்காள மக்கள் ‘பெரிய நாள்’ என்று பெயரிட்டு அழைக்கும் கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது என்பதை அதுவே பறைசாற்றிவிடும்.

நம் முந்தைய தலைமுறையினருள் பலர் பிழைப்பின் பொருட்டு வங்கம் வந்து, கரக்பூர் இரயில்வே குடியிருப்பிலும் கல்கத்தாவின் பழைய தெருக்களிலும் குடியேறியவர்கள். தெலுங்கரும் வங்காளியரும் ஆங்கிலோ-இந்தியரும் அவர்களுக்குச் சுவரோடு சுவராக வாழ்ந்தனர். நாம் சிறுவராயிருந்த நாளில், டிசம்பர் 25 அன்று காலையில், அடுத்த வீட்டு ஆங்கிலோ-இந்திய அம்மையார் பூவேலை செய்த துணியால் மூடிய தட்டொன்றை ஏந்தி வருவார். நம் பாட்டியார் அதை இரு கையாலும் வாங்கிக்கொள்வார். முட்டையும் மதுவும் சேர்ந்த பண்டம் ஆதலால் அவர் அதைத் தொட்டு உண்டதில்லை. ஆனால் ஒருமுறையேனும் வேண்டாமென்று மறுத்ததும் இல்லை. பின்கட்டுத் திண்ணையில் அமர்த்திக் குழந்தைகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பார். பொங்கலன்று அதே தட்டில் சர்க்கரைப் பொங்கலும் இரண்டு துண்டுக் கரும்பும் வைத்துத் திருப்பி அனுப்புவார். வெறுந்தட்டாக அது திரும்பியதே கிடையாது.

ஓர் ஆண்டு பாட்டியார் அந்த அம்மையாரிடம், “இதிலே என்னென்ன சேர்க்கிறீர்கள், அம்மா?” என்று கேட்டார். நாம்தாம் மொழிபெயர்ப்பாளர். அம்மையார் விரல்விட்டு எண்ணினார்: கோதுமை மாவு, வெண்ணெய், முட்டை, உலர்ந்த திராட்சை, ஆரஞ்சுத் தோல், சாதிக்காய், இலவங்கப்பட்டை, சர்க்கரை, ரம். முழுவதும் கேட்டுவிட்டுப் பாட்டியார், “இத்தனையிலும் சர்க்கரை ஒன்றுதான் நமக்கு உறவு” என்றார். அப்போது நாம் சிரித்தோம். பின்னர் வரலாற்று நூல்களைப் புரட்டியபோதுதான், அவர் அறியாமலே சொன்ன அச்சொல்லில் எத்துணை உண்மை அடங்கியிருந்தது என்பது விளங்கிற்று. அதனை இம்மலரின் வாயிலாக நம் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

பெயரும் பிறப்பும்

இன்று நாம் காணும் கிறிஸ்துமஸ் கேக் மிகத் தொன்மையானதன்று. இடைக்கால இங்கிலாந்தில் இறைச்சி, தானியம், உலர்ந்த பழம், மசாலைப் பொருள்கள் ஆகியவற்றைச் சேர்த்துக் காய்ச்சிய ஒருவகைக் கஞ்சி குளிர்காலப் பண்டிகைக்கு உரியதாயிருந்தது. காலப்போக்கில் இறைச்சி நீங்கிற்று, பழம் மிகுந்தது, கஞ்சி கெட்டியாகிக் களியாயிற்று. ‘பிளம்’ என்னும் சொல் அந்நாளில் உலர்ந்த திராட்சையையும் குறித்தது. ஆதலால்தான் பிளம் பழமே இல்லாத இப்பண்டத்திற்கும் ‘பிளம் கேக்’ என்னும் பெயர் நிலைத்துவிட்டது.

கேக்குக்குரிய நாளும் முதலில் டிசம்பர் 25 அன்று. பண்டிகையின் பன்னிரண்டாம் நாளை ஒட்டி, சனவரித் திங்கள் 6-ஆம் நாள் வெட்டப்பட்ட ‘பன்னிரண்டாம் நாள் கேக்’ என்பதே பெருவழக்காயிருந்தது. அதனுள் ஓர் அவரை விதையை ஒளித்து வைப்பர். யாருடைய துண்டில் விதை கிடைக்கின்றதோ அவரே அன்றிரவுக்கு அரசர். 17-ஆம் நூற்றாண்டின் இடையில் தூய்மைவாதிகள் ஆட்சியைக் கைப்பற்றியபோது, 1647-ல் இங்கிலாந்து நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தையே தடை செய்தது. 1660-ல் மன்னராட்சி மீண்டதும் கொண்டாட்டமும் மீண்டது. விக்டோரியா அரசியார் காலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பன்னிரண்டாம் நாள் விழா மெல்ல மங்கிற்று. அதன் கேக் மட்டும் மங்காமல், கிறிஸ்துமஸ் நாளுக்கு இடம் பெயர்ந்து இன்றைய பெயரைப் பெற்றது.

இந்தக் கேக்கில் இங்கிலாந்து மண்ணில் விளைந்தவை மாவும் வெண்ணெயும் முட்டையுமே. திராட்சை மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்தது. இலவங்கப்பட்டை இலங்கையினது. சாதிக்காய் பாண்டாத் தீவுகளினது. அச்சாதிக்காயின் பொருட்டு டச்சுக் கம்பெனியார் 1621-ல் அத்தீவு மக்களைக் கொன்று குவித்ததும், எஞ்சியவரை அடிமைகளாக்கியதும் வரலாற்றின் கறை படிந்த ஏடுகள். சர்க்கரையும் ரம்மும் வந்த வழியோ அதனினும் கொடியது.

சர்க்கரையின் பயணம்

கரும்பு முதன்முதல் பயிரான இடம் நியூகினித் தீவு என்பர் ஆராய்ச்சியாளர். அங்கிருந்து அது தென்கிழக்காசியத் தீவுகள் வழியாக நம் நாட்டை அடைந்தது. அதியமானின் முன்னோர் கரும்பை இந்நிலத்திற்குக் கொணர்ந்தனர் என்று ஔவையார் பாடும் பாட்டு, புறநானூற்றில் 99-ஆவதாக நிற்கின்றது. கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கட்டியாகவும் பொடியாகவும் ஆக்கும் கலை இந்தியாவில்தான் முதிர்ந்தது. வடமொழியின் ‘சர்க்கரா’ என்னும் சொல்லே பாரசீகம், அரபு ஆகிய மொழிகளின் வழியே சென்று ஆங்கிலத்தில் ‘சுகர்’ ஆயிற்று. நம் கற்கண்டில் உள்ள ‘கண்டு’ம், ஆங்கிலேயரின் ‘காண்டி’யும் ஒரே குடும்பத்துச் சொற்களே.

அரபியர் கரும்பை மத்தியதரைக் கடற்கரைக்குக் கொண்டு சென்றனர். கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தில், 1493-ல், அதனை மேற்கிந்தியத் தீவுகளுக்கு எடுத்துச் சென்றார். கரும்பு அங்கே செழித்தது; மனிதர் மடிந்தனர். வெட்டிய கரும்பை விரைந்து பிழியாவிடில் சாறு கெட்டுவிடும். ஆகவே அறுவடைக் காலத்தில் ஆலையும் கொப்பரையும் இரவு பகலாக ஓய்வின்றி இயங்கின. அவ்வேலைக்காக ஆப்பிரிக்க மக்கள் பிடித்து வரப்பட்டனர். நான்கு நூற்றாண்டுக் காலத்தில் அட்லாண்டிக் கடலைக் கடக்கக் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகள் ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் பேர். அவருள் மிகப் பலர் கரும்புத் தோட்டங்களுக்கே விற்கப்பட்டனர்.

சர்க்கரை மணிகள் பிரிந்தபின் அடியில் எஞ்சும் கரிய கழிவுப் பாகுக்கு மொலாசஸ் என்று பெயர். அதனைப் புளிக்கவைத்துக் காய்ச்சி வடிக்கும் தொழில் 17-ஆம் நூற்றாண்டில் பார்படோஸ் முதலிய தீவுகளில் தழைத்தது. ரம் என்பது அதுவே. சர்க்கரையும் ரம்மும் ஒரே கொப்பரையிற் பிறந்த உடன்பிறப்புகள் எனலாம்.

இக்கொடுமையை உணர்ந்த நல்லோரும் இங்கிலாந்தில் இருந்தனர். 1791-ல் அடிமை வாணிகத்தை ஒழிக்கும் மசோதா நாடாளுமன்றத்தில் தோற்றபோது, ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் மேற்கிந்தியச் சர்க்கரையை விலக்கி நின்றனர் என்று அவ்வியக்கத்தின் முன்னோடியான தாமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். வீட்டுப் பெண்மணிகளே இவ்விலக்கத்திற்கு உயிர்நாடியாயிருந்தனர். 1820-களில், ‘அடிமைகள் செய்யாத கிழக்கிந்தியச் சர்க்கரை’ என்று எழுதிய கிண்ணங்கள் அந்நாட்டு மேசைகளை அணி செய்தன. இந்தியாவிலிருந்து சென்ற சர்க்கரை அறத்தின் அடையாளமாகக் கருதப்பட்ட காலமும் ஒன்று இருந்தது!

நம்மவர் சென்ற கப்பல்கள்

அந்த அடையாளம் நெடுநாள் நிற்கவில்லை. 1833-ல் இயற்றிய சட்டத்தின்படி, 1834 ஆகஸ்டு 1-ஆம் நாள் பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்ற மக்கள் பழைய தோட்டங்களில் பழைய கூலிக்கு உழைக்க விரும்புவரோ? தோட்ட முதலாளிகள் வேறு கைகளைத் தேடினர். அவர்கள் கண் இந்தியாவின்மீது விழுந்தது.

அதே 1834-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள், 36 ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ‘அட்லஸ்’ என்னும் கப்பல் மொரீசியஸ் தீவை அடைந்தது. அது புறப்பட்ட துறைமுகம் நாம் வாழும் இதே கல்கத்தா. பின்னர் சென்னைத் துறைமுகமும் திறந்துவிடப்பட்டது. 1860 நவம்பர் 16-ஆம் நாள் 342 பேருடன் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற இந்திய ஒப்பந்தக் கூலிகள் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர். அவருள் பெரும்பாலோர் சென்னை வழியே சென்ற தமிழரும் தெலுங்கரும் ஆவர். பிஜித் தீவுக்கும் 1903 முதல் தென்னாட்டவர் அனுப்பப்பட்டனர். அங்கே கரும்புத் தோட்டத்தில் நம் பெண்கள் பட்ட துயரைப் பாரதியார் பாடியிருப்பதை நாம் அனைவரும் அறிவோம்.

அவர்கள் எழுத்தறியாதவர்கள், பஞ்சத்தால் அடிபட்டவர்கள், சென்று சேரும் ஊர் எங்கே என்பதையும் சரிவர உணராதவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று விரல் ரேகை வைத்தனர். தோட்டத்தைவிட்டு அனுமதியின்றி நீங்கினால் சிறை. வேலைக்கு வராவிட்டால் கூலிப் பிடித்தம். எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. இக்கூலி ஏற்றுமதி 1917-ல் நின்றது. எஞ்சிய ஒப்பந்தங்கள் 1920-ல் முடிவுற்றன.

இவற்றுக்கும் கேக்குக்கும் தொடர்பு யாது என்று கேட்கலாம். இங்கிலாந்தில் பழக் கேக் எளியோர் வீட்டிலும் நுழைந்தது இந்தக் காலத்திலேதான். சர்க்கரை மீதிருந்த வரி படிப்படியாகக் குறைந்து 1874-ல் முற்றிலும் நீங்கிற்று. ஐரோப்பாவின் பீட்கிழங்குச் சர்க்கரையும் குடியேற்ற நாடுகளின் கரும்புச் சர்க்கரையும் போட்டியிட்டு விலையைத் தாழ்த்தின. அக்கேக்குகள் ஒவ்வொன்றிலும் நம்மவர் வெட்டிய கரும்பின் இனிப்பு இருந்தது என்று கூறுவது மிகை. ஆயினும் மொரீசியஸ் சர்க்கரை மூட்டை மூட்டையாக அந்நாட்டுத் துறைமுகங்களில் இறங்கிற்று என்பதும், அதனை விளைவித்தவர் நம்மவர் என்பதும் மறுக்க முடியாதவை.

1927-ல் பிரிட்டிஷ் பேரரசின் வாணிகத்தைப் பெருக்க அமைந்த வாரியம், அரண்மனைச் சமையற்காரரிடம் ‘பேரரசுக் கிறிஸ்துமஸ் புட்டிங்’ ஒன்றின் செய்முறையைப் பெற்று ஊரெங்கும் பரப்பியது. ஆஸ்திரேலியத் திராட்சை, கானடா ஆப்பிள், இலங்கை இலவங்கப்பட்டை, சான்சிபார் கிராம்பு, ஜமைக்கா ரம் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பங்கு அதில் குறிக்கப்பட்டிருந்தது. இந்தியாவின் பங்கு ஒரு தேக்கரண்டி மசாலைப் பொடி! தோட்டங்களில் நம்மவர் சிந்திய வியர்வையை அளக்க அப்பட்டியலில் கரண்டி இல்லை.

தலைசேரியில் வெந்த கேக்

இனி, கேக் நம் நாட்டுக்கு வந்த கதையைக் காண்போம். அந்நாளில் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்த தலைசேரியில் மாம்பள்ளி பாபு என்பவர் 1880-ல் ஒரு பிஸ்கோத்துத் தொழிற்சாலை தொடங்கினார். 1883-ல் அஞ்சரக்கண்டி இலவங்கப்பட்டைத் தோட்டத்து மர்டாக் பிரௌன் என்னும் வெள்ளைக்காரர், இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கேக்கை அவரிடம் கொடுத்து, “இதுபோல் ஒன்று செய்ய இயலுமா?” என்று கேட்டாராம். பக்கத்திலுள்ள மாகியில் பிரெஞ்சுப் பிராந்தி வாங்கிச் சேர்க்கும்படியும் சொன்னாராம். பாபு பிராந்தியை நாடவில்லை. முந்திரிப் பழத்திலும் கதலி வாழைப்பழத்திலும் இறக்கிய நாட்டு மதுவைச் சேர்த்தார். உள்ளூர்க் கொல்லரைக் கொண்டு அச்சும் அடித்துக்கொண்டார். டிசம்பர் 20-ஆம் நாள் கொண்டுபோய் வைத்த கேக்கை உண்டு பிரௌன் வியந்து, மேலும் ஒரு டசன் செய்யப் பணித்தார் என்பது அக்குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. நம் மண்ணின் கதலியும் முந்திரியும் பொங்கிய அக்கேக்கை அயலார் பண்டம் என்று ஒதுக்க முடியுமா?

கொல்கத்தாவின் அடுப்புகள்

நம் கொல்கத்தாவின் கதையும் இத்தகையதே. ரொட்டிக் கடை வைத்திருந்த டேவிட் வில்சன் என்பவர் 1840-ல் தொடங்கிய விடுதியே பின்னர் கிரேட் ஈஸ்டர்ன் என்று புகழ் பெற்றது. 1874-ல் திறந்த நியூ மார்க்கெட்டில், பாக்தாதிலிருந்து வந்த யூதக் குடும்பத்தாரின் ‘நஹூம்’ கடை உள்ளது. அவர்கள் தொழில் தொடங்கியது 1902-ல். நியூ மார்க்கெட்டில் கடை வைத்தது 1916-ல். டிசம்பர் வந்தால் அங்கே நீளும் வரிசையை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். கடைக்குரியவர் யூதர், அடுப்படியில் நிற்போர் இசுலாமியர், பண்டிகை கிறிஸ்துவருடையது, வரிசையில் நிற்பவருள் பெரும்பாலோர் இந்துக்கள். சமய ஒற்றுமைக்கு மேடையேறிப் பேச வேண்டுவதில்லை; அவ்வரிசையில் அரைமணி நேரம் நின்றால் போதும்.

தால்தலா, போ பராக்ஸ் வட்டாரங்களில் இன்னொரு வழக்கமும் உண்டு. பண்டிகைக்கு முன் ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தார் பழமும் மாவும் வெண்ணெயும் முட்டையும் எடுத்துக்கொண்டு சிறிய ரொட்டிக் கிடங்குகளுக்குச் செல்வர். அங்குள்ள தொழிலாளர் அவர்கள் கண்ணெதிரே பெரிய மட்பாண்டத்தில் கையாலேயே பிசைந்து, விறகு அடுப்பில் வேகவைத்துத் தருவர். நம் ஊரில் அரிசியும் உளுந்தும் சுமந்து மாவு மில்லுக்குச் சென்று காத்திருந்த நாள்கள் நினைவுக்கு வருகின்றன அல்லவா?

கேக்கின் உட்பொருள்களும் இம்மண்ணுக்கேற்ப மாறிவிட்டன. சிவந்த செர்ரிப் பழம் என்று நாம் உண்பது பெரும்பாலும் சாயமேற்றிச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்த களாக்காயே. பல நிறத்தில் மின்னும் ‘டுட்டி ஃப்ருட்டி’ பப்பாளிக்காயே. அலகாபாத்தில் வெண்ணெய்க்கு ஈடாக நெய்யும், பாகில் ஊறிய வெண்பூசணித் துண்டும், சோம்பும் சேர்த்துத் தமக்கென ஒரு கேக்கையே படைத்துக்கொண்டனர். ஜமைக்கா ரம்முக்கு ஈடாக, 1954-ல் வெளிவந்த ‘ஓல்டு மங்க்’ முதலிய நம் நாட்டு ரம்மே இன்று வீடுகளில் பயன்படுகின்றது. வந்தேறிய பண்டம் வந்த ஊரின் நீரையும் நிலத்தையும் ஏற்றுக்கொண்டு, தன் உருவை இழக்காமலே வேரூன்றிவிட்டது. ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இதைவிட நெருங்கிய உவமை வேறு வேண்டுமோ?

செய்முறை

நம் சகோதரிகள் கேட்பராதலின், அந்த அம்மையார் வீட்டு முறையைச் சுருக்கமாகத் தருகின்றோம். உலர்ந்த திராட்சை, பேரீச்சை, பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல், களாக்காய், முந்திரி எல்லாம் சேர்ந்து அரைக் கிலோ எடுத்துப் பொடியாக நறுக்கி, 250 மில்லி ரம்மில் ஒரு திங்கள் ஊறவிட வேண்டும். மது ஏலாதோர் ஆரஞ்சுச் சாற்றில் ஓர் இரவு மட்டும் குளிர்பெட்டியில் ஊறவிடலாம். ஆனால் அக்கேக்கை நெடுநாள் வைத்திருத்தல் ஆகாது. வெண்ணெய் 250 கிராம், சர்க்கரை 250 கிராம் இரண்டையும் நுரைக்கக் குழைத்து, ஐந்து முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடிக்கவும். சர்க்கரையைக் கருஞ்சிவப்பாகும்வரை காய்ச்சிச் சிறிது வெந்நீர் விட்டு இறக்கிய பாகை, ஆறியபின், நிறத்திற்காகச் சேர்க்கவும். பிறகு 275 கிராம் மைதா, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், சாதிக்காய், பட்டை, கிராம்புப் பொடி, இறுதியில் ஊறிய பழம். தாள் விரித்த பாத்திரத்தில் ஊற்றி, 150 டிகிரி வெப்பத்தில் இரண்டரை மணி அளவு நிதானமாக வேகவிட வேண்டும். ஆறியபின் வாரந்தோறும் இரண்டு கரண்டி ரம் தெளித்து மூடிவைத்தால் திங்கள் கணக்கில் கெடாது. சர்க்கரையும் மதுவும் மிகுந்து, கிருமிகளுக்கு வேண்டிய நீர் குறைந்திருப்பதே அதற்குக் காரணம். அவசரக்காரருக்கு உரிய பண்டம் இஃதன்று.

தட்டு திரும்பட்டும்

கங்கைக்கரையில் கிதிர்ப்பூர்ப் பகுதியில், கடல் கடந்த அக்கூலி மக்களுக்காக 2011-ல் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. அருகிலுள்ள சூரினாம் துறையில், மூட்டை சுமந்து நிற்கும் ஓர் ஆணும் பெண்ணுமாக 2015-ல் சிலையும் நிறுவப்பட்டது. நம் குடியிருப்பிலிருந்து ஒரு பிற்பகலில் சென்று திரும்பக்கூடிய தொலைவே. நாமும் மூட்டையோடு வந்தவர்கள்தாம். ஆனால் நமக்குத் திரும்பும் பயணச்சீட்டு இருந்தது. வேலை பிடிக்காவிடில் விட்டுச்செல்லும் உரிமை இருந்தது. கூடிப் பேசத் தமிழ்ச் சங்கம் இருந்தது. அவர்களுக்கு அவை இல்லை. நம் பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துச் செல்லுதல் நம் கடன்.

“சர்க்கரை ஒன்றுதான் நமக்கு உறவு” என்றார் பாட்டியார். அவ்வுறவு இன்சுவை பற்றியது மட்டுமன்று. உதிரம் பற்றியதும் ஆகும். அதன் பொருட்டுக் கேக்கை வெறுக்க வேண்டுவதில்லை. அதைச் செய்து அனுப்பும் அடுத்த வீட்டார் எந்தத் தோட்டத்துக்கும் முதலாளியாயிருந்தவர் அல்லர். நம்மைப்போல் இம்மண்ணில் இடம் தேடி நின்றவரே. உண்பவர் மகிழ்ந்து உண்க. உண்ணாதவர் பாட்டியாரைப்போல் இரு கையாலும் வாங்கிக்கொள்க. பங்கிடும்போது, அக்கப்பல்களில் சென்றவர் கதையைக் குழந்தைகளுக்கு ஒரு வார்த்தை சொல்க.

பொங்கல் அன்று அத்தட்டு வெறுமையாகத் திரும்பாதிருக்கட்டும். சர்க்கரைப் பொங்கலோடு இரண்டு துண்டுக் கரும்பும் அதில் இருக்கட்டும்.